இரவல் மூக்கு

கொக்குவில் கேற் பூட்டியிருந்தது.
யாழ்தேவிக்காக நின்ற மூன்று நிமிடத்தில்
தர்மினி சொன்னாள்:
"என்னவோ கருகுது."
எனக்கு ஒன்றும் கருகவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆவணியில்
காய்ச்சல் வந்தது, போனது.
மணம் போனது, வரவில்லை.
பிட்டும் பினாயிலும் எனக்கு ஒன்று.
பாமசியில் பழுதான பாணி மருந்தைக்கூடத்
திகதி பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

கார் சுபாரு. தொண்ணூற்றொன்பது, நீலம்.
வத்தளையில் ஒரு பல் வைத்தியரிடம் வாங்கும்போதே
ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ஓடியிருந்தது.
மூவாயிரம் சுற்றுக்கு மேல் டேர்போ மூச்செடுக்க
முதுகு சீற்றோடு ஒட்டுமே,
அந்த ஒரு கணத்துக்காக வாங்கினேன்.
தர்மினி அதைக் கார் என்று சொல்வதில்லை.
"உங்கடை வருத்தம்" என்பாள்.

"என்ன மாதிரிக் கருகுது?"
"கருகிற மாதிரித்தான்."
"வயரோ, ரப்பரோ, எண்ணெயோ?"
"நேற்றையான் எண்ணெயிலை இண்டைக்கு வடை போட்ட மாதிரி."
எழுதிக்கொண்டேன்.

மகள்: மெழுகுக் கலரை பல்ப்பிலை வைச்ச மணம்.
பெற்றோல் அடிக்கிற பெடியன்:
தையல் மெசின் எண்ணெய் அண்ணை, ஆனால் கோவத்தோடை.
அச்சுவேலியில் மறித்த பொலிஸ்காரர்
லைசென்ஸைப் பார்க்குமுன் மூக்கைத் தேய்த்தார்.
அதையும் எழுதினேன்.

இனிப்பு என்று யாரும் சொல்லவில்லை:
கூலன்ற் இல்லை.
அழுகின முட்டை என்றும் சொல்லவில்லை.
ஓடும்போது இல்லை, நின்றால்தான்.
சைலன்சரில் நீலப் புகை இல்லை.
ஆயிரம் கிலோமீற்றருக்கு டிப்ஸ்ரிக்கில்
ஒரு நகக்கண் குறைகிறது.
இரவு அடியில் விரித்த பிஸ்கற் மட்டையில்
விடியப் பார்த்தால் ஒரு பூனை படுத்திருந்தது.
எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை.

நிலத்தில் விழுமுன்
எங்கேயோ எரிந்துவிடுகிறது.

"டேர்போவாத்தான் இருக்கும்,
ரெண்டு லட்சம் வரும்" என்றான் டிலக்சன்,
உரும்பிராயில், கையில் பாதி ரோல்ஸோடு.
பிறகு குனிந்து பார்த்துச் சொன்னான்:
"இந்த எஞ்சின் நிமிந்து நிக்காது அண்ணை.
மல்லாக்கப் படுத்து ரெண்டு பக்கமும் கையை நீட்டியிருக்கு.
கசிஞ்சால் நேரை நெருப்புக் குழாயிலைதான்."

பொறு என்றேன்.
கடையிலிருந்து ஒரு டின் குழந்தைப் பவுடர்.
எஞ்சினைக் கழுவிக் காயவிட்டு
இரு விலாவிலும் தட்டினோம்.
நாவற்குழிப் பாலம்வரை அழுத்தி ஓடித் திரும்பி
பொனற்றைத் திறந்ததும் அவன் தும்மினான்.
"பிறந்த பிள்ளையை வடைச் சட்டிக்குள்ளை குளிப்பாட்டின மாதிரி அண்ணை."
எனக்கு ரோச் வெளிச்சம் போதும்.
இடப்பக்க றொக்கர் கவரின் கீழ் விளிம்பில்
வெள்ளைக்குள் ஒரு பழுப்புக் கோடு,
எறும்பு போன தடம் அளவு.

இடப்பக்கம்.
அவள் இருக்கிற பக்கம்.

கழற்றிய காஸ்கற் ரப்பராக இல்லை.
வளைத்தேன், முறுக்குப்போல் ஒடிந்தது.
இருபத்தைந்து வருடச் சூடு
விரலிடுக்கில் தூளாய்க் கொட்டியது.
புதியது கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது,
நாலாயிரத்து எண்ணூறு.
வலப்பக்கத்துக்கும் ஒன்று எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.

ஞாயிறு. அதே கேற், அதே பூட்டு.
எஞ்சினை நிறுத்தாமல் கேட்டேன்:
"இப்ப என்ன மணக்குது?"
கண்ணாடியை இறக்கி
மூச்சை ஆழ இழுத்தாள்.
"ஒண்டுமில்லை."

மூன்று வருடத்தில் முதல் தடவை
இரண்டு பேருக்கும் ஒரே மணம்.

ரயில் போனது. தடி மேலே எழும்பியது.
கியரைப் போட்டேன்.
"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள்,
என் மடிக்கு மேலாகச் சரிந்து,
மூக்கைச் சுருக்கி.
"உங்கடை பக்கத்தாலை..."

பின்னால் ஓட்டோக்காரன்
கோணில் வைத்த கையை எடுக்கவேயில்லை.